நான்கு மென்பொருளும் பதினாறாம் வசனமும்

வவாவு, டோங்கா
3 பிப்ரவரி 2025

தம்பி கெலேபிக்கு,

எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று யோசிக்காதே. இதைவிடச் சிறிதாக எழுதினால் நான் எழுதியதை என்னாலேயே படிக்க முடியாது. ஆறு வருடம் கழித்து உனக்கு எழுதுவதற்கும் அதுதான் காரணம். வேறு எதுவும் இல்லை.

தலைநகரிலிருந்து வந்த கண் டாக்டர், இரண்டு கண்ணிலும் பார்வையின் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறது என்றார். ஓரத்தில் ஓடுவது கோழியா பன்றிக்குட்டியா என்று தெரிகிறது. நேரே நின்று பேசுகிறவரின் முகம்தான் தெரியவில்லை.

அதோடு போயிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். நவம்பரில் ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கும்போது கண் அடுத்த பத்திக்குத் தாவிவிட்டது. நிருபத்தில் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அப்போஸ்தலர் பவுல் திடீரென்று விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சிக்குப் போய்விட்டார். பின்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். பிரசங்கப் பட்டியல் போடுகிற வைனிகோலோ சிரிக்கவில்லை. மறுநாள் வீட்டுக்கே வந்து, "அக்கா, முப்பத்தோரு வருஷம் பிரசங்கம் பண்ணிட்டீங்க. இனி உக்காந்து கேளுங்களேன்" என்றான்.

"யாரு பிரசங்கத்த? உன்னோடதயா? அதுக்குக் காதும் போயிருக்கணுமே" என்றேன்.

அவனுக்குக் கோபம். மே 18 ஞாயிறு பிரசங்கத்தை எனக்குத் தந்திருக்கிறான். அன்றும் தடுமாறினால் அடுத்த பட்டியலில் என் பெயர் இருக்காது. எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது, கெலேபி. உனக்குத் தெரியும்.

மகள் சிட்னிக்குப் போகும்போது விட்டுப்போன மடிக்கணினி இருக்கிறது. பைபிள் படிப்பதற்கென்றே இலவச மென்பொருள்கள் உண்டு, எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம் என்று டாக்டரோடு வந்த நர்ஸ் சொன்னாள். எது நல்லது என்று கேட்டேன். "உங்க வீட்டுல யாராவது பொறுமையா உக்காந்து ஒவ்வொண்ணா பாக்கணும்மா" என்றாள். நம் வீட்டில் பொறுமைசாலி கிடையாது. எதிலும் குறை கண்டுபிடிக்கிற கணக்கு வாத்தியார் ஒருவன் ஆக்லாந்தில் ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்கிறான்.

மற்ற விஷயத்தைப் பற்றி நீ எழுத வேண்டாம். நானும் எழுதவில்லை.

அக்கா தலாஹிவா


ஆக்லாந்து
20 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கண் விஷயம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. வருத்தமாக இருக்கிறது.

பார்த்துச் சொல்கிறேன். முதலில் சில விவரங்கள் வேண்டும். மடிக்கணினி எந்த வருடத்தது? இணையம் வீட்டுக்கு வருகிறதா, போனிலா? உங்களுக்கு வாசிப்பதற்கு மட்டும் வேண்டுமா, அல்லது ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று தேடவும் வேண்டுமா? பிரசங்கக் குறிப்பை அதிலேயே எழுதுவீர்களா? தனிப்பட்ட உபயோகத்துக்கா, சபைக்கா? இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சிலது சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம். ஆலயத்துச் சுவரில் பெரிதாகக் காட்டினால் விதி வேறு.

உங்களுக்காக இதை இருபத்தாறு புள்ளி எழுத்தில் அச்சிட்டிருக்கிறேன். போதாவிட்டால் சொல்லுங்கள்.

கெலேபி


வவாவு
6 மார்ச் 2025

தம்பிக்கு,

முப்பத்தாறு வேண்டும்.

கணினியின் வருடம் எனக்கு எப்படித் தெரியும்? மூடியில் ஒரு பூனைப்படம் ஒட்டியிருக்கிறது. மகள் பள்ளி முடித்தபோது வாங்கியது. பத்து வருடமாவது இருக்கும். திறந்தால் ஒரு கோப்பை தேநீர் குடித்து முடிப்பதற்குள் தயாராகிவிடும்.

இணையம் போனில். மழை வந்தால் இல்லை. கடலடிக் கேபிள் அறுந்தபோது வாரக்கணக்கில் கிடந்தோமே, அப்படி ஆனாலும் என் பைபிள் திறக்க வேண்டும். சொல் தேட வேண்டும். எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டுகிற ஒத்தவாக்கியப் புத்தகத்தின் எழுத்து எனக்கு இப்போது எறும்பு வரிசை. குறிப்பும் எழுதுவேன். எல்லாம் எனக்கு மட்டும். சுவரில் காட்டுவதற்கு வைனிகோலோ இருக்கிறான், அவனே சுவரை மறைத்துக்கொண்டுதான் நிற்பான்.

முக்கியமாக நம் மொழி பைபிள் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எனக்கு ஜெபம் வராது.

தலாஹிவா


ஆக்லாந்து
20 மார்ச் 2025

அக்காவுக்கு,

நான்கு மென்பொருள்களை ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். உங்கள் கணினிக்குச் சமமான பழையது ஒன்றைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி அதில்தான் எல்லாவற்றையும் ஓட்டினேன். பெயர்கள் நினைவில் நிற்காது. படத்தை வைத்துச் சொல்கிறேன்.

விளக்குப் படம் போட்டது பார்க்க மிக அழகு. ஆனால் மின்னஞ்சல் முகவரி கொடுக்காமல் உள்ளே விடவில்லை. கொடுத்த நாள் முதல் தினமும் காலை எனக்கு ஒரு வாழ்த்து வருகிறது. இலவசம் என்கிறார்கள், விளக்கவுரை ஒன்றைத் திறந்தால் இரண்டு பக்கத்துக்குப் பிறகு பூட்டு. இணையத்தை அணைத்துப் பார்த்தேன், வெள்ளைத் திரைதான் வந்தது. வேண்டாம்.

நீலம் நேர்மையானது. கேட்டதெல்லாம் தருகிறது. நம் மொழி பைபிள் மட்டும் இல்லை. வசனத்தின் எழுத்து பெரிதாகிறது, மேலே உள்ள பட்டன்களின் எழுத்து அப்படியே நிற்கிறது. உங்களால் வழி கண்டுபிடிக்க முடியாது.

புறாவில் நம் மொழி இருக்கிறது. பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். ஆனால் தேடும்போது, நாம் தொண்டையில் நிறுத்திச் சொல்லும் ஒலிக்குப் போடுகிற குறியைச் சரியாகப் போட்டால்தான் சொல்லைக் கண்டுபிடிக்கிறது. போடாவிட்டால் அப்படியொரு சொல் வேதத்திலேயே இல்லை என்கிறது. நம் மொழியில் 'கடவுள்' என்பதைக் குறி இல்லாமல் தேடினேன். பூஜ்யம் என்றது.

கடைசி, பச்சை. அவலட்சணம். இருபது வருடத்துக்கு முந்தைய வங்கிக் கவுன்டரில் இருக்கும் திரையைப்போல இருக்கிறது. ஆனால் முகவரி கேட்கவில்லை, விளம்பரம் இல்லை, இணையம் தேவையில்லை. நம் மொழி பைபிளைத் தனியாகச் சேர்க்க முடிந்தது. குறி போட்டாலும் போடாவிட்டாலும் தேடுகிறது. பட்டன் உட்பட எல்லா எழுத்தும் எழுபத்திரண்டு புள்ளிவரை பெரிதாகிறது. ஒரே வசனத்தை ஏழெட்டு மொழிபெயர்ப்பில் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒரு சொல்லைத் தொட்டால் மூல எபிரெயச் சொல்லும் அது வருகிற மற்ற இடங்களும் வருகின்றன. குறை: நீங்கள் எழுதும் குறிப்பைத் தானாகச் சேமிக்காது, ஒருமுறை அப்படியே நின்று என் அரை மணி நேர எழுத்தைத் தின்றுவிட்டது. நம் மொழியைச் சத்தமாக வாசித்துக் காட்டாது. அது எந்த மென்பொருளிலும் இல்லை.

நான்கையும் ஒரே வசனத்தில்தான் சோதித்தேன். இல்லாவிட்டால் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. மல்கியா இரண்டாம் அதிகாரம், பதினாறாம் வசனம்.

என் முடிவு பச்சை. மாமா மகன் ஃபிலிமோனே ஈஸ்டருக்கு ஊருக்கு வருகிறான். அவன் கையில் பென்டிரைவ் கொடுத்தனுப்புகிறேன்.

கெலேபி


வவாவு
1 ஏப்ரல் 2025

கெலேபி,

முப்பதாயிரம் வசனத்தில் உனக்கு வேறு வசனமே கிடைக்கவில்லையா?

எழுத வேண்டாம் என்று சொன்னேன். நீயும் எழுதவில்லை, வாத்தியார் அல்லவா, வினாத்தாளில் வைத்துக் கேட்டிருக்கிறாய். சரி, பதில் சொல்கிறேன்.

உன் மனைவி சிசீலியா உன்னை விட்டுப் போய்விட்டாள் என்று செய்தி வந்த மாதம் நீ ஊருக்கு வந்தாய். அந்த ஞாயிறு பிரசங்கம் எனக்கு. ஊரெல்லாம் அதே பேச்சு. தண்ணீர்த் தொட்டிக்குப் போனால், "ஊருக்கெல்லாம் குடும்பத்த எப்படி நடத்தணும்னு சொல்றா, வீட்டுல பாரு" என்கிறார்கள். தம்பி என்பதால் வாயை மூடிக்கொண்டாள் என்று சொல்லிவிடக் கூடாது என்று அந்த வசனத்தை எடுத்தேன். விவாகரத்தைக் கடவுள் வெறுக்கிறார் என்று நாற்பது நிமிடம் பேசினேன். நீ மூன்றாம் வரிசையில், ஆலயத்துக்கு மரியாதையாகக் கட்டும் பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். சாப்பிடாமல் போனாய். மறுநாள் விமானம் ஏறினாய்.

உன்னை மட்டுமா சொன்னேன்? கட்டினவனை விட்டு ஓடினவளையும் சேர்த்துத்தானே சொன்னேன். அவள் அம்மா அதெலைத்தே பின்வரிசையில் இருந்தாள். அன்று போனவள் இன்றுவரை நம் ஆலயத்துக்குள் வரவில்லை. பிள்ளையைச் சரியாக வளர்க்காதவர்களுக்கு ரோஷம் மட்டும் குறைச்சல் இல்லை.

உன் பென்டிரைவ் எனக்கு வேண்டாம். வைனிகோலோ என் பெயரை எடுத்துவிட்டுப் போகட்டும்.

தலாஹிவா


ஆக்லாந்து
14 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்திருந்தேன். உங்கள் கோபம் நியாயம். நான் அந்த வசனத்தைத் தற்செயலாக எடுக்கவில்லை.

நம் வழக்கப்படி அக்காவிடம் தம்பி மனைவி விஷயம் பேசக் கூடாது. ஒரே அறையில் இருந்திருந்தால் என் வாயில் வராது. கடிதம் என்பதால் எழுதுகிறேன். வாசித்து முடித்ததும் கிழித்துப்போட்டாலும் சரி.

நீங்கள் மென்பொருள் பார்த்துச் சொல்லச் சொன்னதும் எனக்கு முதலில் தோன்றியது, அக்கா அன்று சொன்னது தப்பு என்று காட்ட வேண்டும் என்பதுதான். ஆறு வருடமாக அந்த நாற்பது நிமிடத்தைச் சுமந்துகொண்டிருந்தேன். பச்சையில் ஏழு மொழிபெயர்ப்புகளை அடுத்தடுத்து வைத்தேன். நான்கு, நீங்கள் சொன்னதைப்போலவே, கடவுள் விவாகரத்தை வெறுப்பதாகச் சொல்கின்றன. மூன்று அப்படிச் சொல்லவில்லை. அந்த இடத்தில் எபிரெயம் கரடுமுரடாக இருக்கிறது, வெறுப்பது யார் என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை என்று அடிக்குறிப்பு. எழுந்து போய்த் தேநீர் போட்டேன். முப்பது வருடம் சிவப்புப் பேனா பிடித்தவனுக்கு அது என்ன சந்தோஷம் என்று உங்களுக்குத் தெரியும். "தப்பு, அக்கா, தப்பு" என்று காலியான சமையலறையில் சத்தமாகச் சொன்னேன்.

திரும்பி வந்து அந்த மூன்றையும் நிதானமாகப் படித்தேன். அதில் வெறுக்கிறவர் கடவுள் இல்லை. மனைவியை வெறுத்து அவளை அனுப்பிவிடுகிற ஆண். அவன் தன் உடுப்பைக் கொடுமையால் மூடுகிறான் என்று வருகிறது.

உங்கள் வாசிப்பில் நானும் சிசீலியாவும் சமம். இரண்டு பேர்மீதும் கடவுளுக்கு வருத்தம். இந்த வாசிப்பில் ஒருவன்தான் நிற்கிறான்.

அக்கா, சிசீலியா என்னை விட்டுப் போகவில்லை. அவள் மருத்துவமனையில் இரவு வேலை முடித்து வருவதற்குள் அவளுடைய துணிமணிகளை மூட்டையாகக் கட்டிக் கார் நிறுத்தும் கொட்டகையில் வைத்தேன். கதவுக்குப் புதுப் பூட்டு போட்டேன். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பிடிக்காமல் போயிருந்தது, அவ்வளவுதான். என் சத்தம் அந்த வீட்டில் வருடக்கணக்கில் இருந்தது. ஊருக்குப் போன் செய்து, "அவ போயிட்டா" என்றேன். பொய் இல்லைதானே என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். ஓடிப்போனவள் என்று நீங்களெல்லாம் முடிவு செய்தபோது நான் திருத்தவில்லை. சபையில் மூன்றாம் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்ததும் அதனால்தான். பாவப்பட்டவனைப்போல உட்கார்ந்திருந்தேன்.

பென்டிரைவைக் கொடுத்தனுப்புகிறேன். உபயோகிப்பதும் தூக்கிப் போடுவதும் உங்கள் விருப்பம். முப்பத்தாறில் அச்சிட்ட செய்முறைத் தாள் கூடவே இருக்கிறது.

கெலேபி


வவாவு
26 ஏப்ரல் 2025

தம்பி,

ஃபிலிமோனே திங்கட்கிழமை திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுக்கிறேன்.

உன் கடிதத்தை வாசிக்க எனக்கு ஒரு முழுக் காலை ஆயிற்று. பிறகு பென்டிரைவைச் செருகினேன். உன் தாளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போனேன். ஏழாவது படியில் நீ 'வலப்பக்கம்' என்று எழுதியிருப்பது இடப்பக்கம். எழுத்து என் முஷ்டி அளவு வந்தது. ஒரு வரிக்கு மூன்று சொல். பதினாறாம் வசனத்தை நானே ஏழு தடவை, ஏழு விதமாக, வாசித்தேன். இத்தனை வருடம் ஒரே ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு உறுதியாகப் பேசியிருக்கிறேன்!

புத்தகத்தின்மீது பழி போட முடியாது. அன்று நான் அந்த அதிகாரத்தை முழுதாகக்கூட வாசிக்கவில்லை. எனக்கு வேண்டிய அரை வரியை எடுத்துக்கொண்டேன்.

பெரிய வெள்ளிக்கு மறுநாள் அதெலைத்தே வீட்டுக்குப் போனேன். முள்கொடி ஏறிய வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை; குரல்தான்.

"வழி தப்பி வந்துட்டியா? கண்ணு போச்சாமே."

"உன்னப் பாக்கத்தான் வந்தேன். அன்னைக்கு நான் பண்ணின பிரசங்கம் தப்பு."

"ஆறு வருஷம் ஆச்சு தலாஹிவா. தினமும் அடுத்த ஊரு ஆலயத்துக்கு நடந்தே போறேன். முட்டி தேஞ்சு போச்சு. என் பொண்ணு அழுதுகிட்டு போன்ல சொன்னதெல்லாம் நான் யாருகிட்ட சொல்ல? பிரசங்க பீடத்துலேர்ந்து நீ சொன்னதுக்கு மேல என் பேச்சு நிக்குமா?"

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, கெலேபி. முதல் நாளிலிருந்தே.

உன் கடிதத்தில் இருந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. அது உன் வேலை. மே 18இல் அந்த அதிகாரத்தையே எடுக்கலாம் என்று இருக்கிறேன். அதற்குள் நீ அவளுக்கு எழுதவில்லை என்றால் வேறு ஏதாவது பேசுவேன், நல்ல சமாரியன் கதை இருக்கவே இருக்கிறது. பீடத்தில் நின்றுகொண்டு உன்னை இரண்டாம் தடவை அடிக்க மாட்டேன்.

உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். என்மேல் இருக்கிற அளவுக்கு இல்லை.

தலாஹிவா


ஆக்லாந்து
8 மே 2025

அக்காவுக்கு,

ஏழாவது படி: ஆமாம், இடப்பக்கம். மன்னிக்கவும்.

அதெலைத்தே அம்மாவுக்கு நேற்று விரைவுத் தபாலில் எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு பக்கம். உங்களுக்கு எழுதியதை அப்படியே எழுதினேன், சாக்குப்போக்கு இல்லாமல். அதற்கு முன் சிசீலியாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவள் வேலை செய்யும் வார்டுக்குக் கீழே உள்ள தேநீர்க் கடையில் பத்து நிமிடம் கொடுத்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

மென்பொருள் பார்த்தது, ஏழு மொழிபெயர்ப்பு, அடிக்குறிப்பு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "பூட்ட மாத்தினது நீ. அது தப்புன்னு தெரிய உனக்குக் கம்ப்யூட்டர் வேண்டியிருந்துச்சா?" என்றாள்.

அடிக்குறிப்பையே மறுபடி விளக்க ஆரம்பித்தேன், கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? எனக்குத் தெரியாததா? ஊர்ல தலைகுனிஞ்சு நடக்கிறது எங்கம்மா. அவங்களுக்கு எழுது" என்றாள். எட்டாவது நிமிடம் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். மன்னிக்கும்படி நான் கேட்கவில்லை. கேட்பதற்கு இருந்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் அதுவும் எனக்காகக் கேட்பதுதான் என்று தெரிந்தது.

மே 18இல் நீங்கள் எதைப் பேசினாலும் சரி. அந்த வசனத்தையே பேசுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

குறிப்பை எழுதி முடித்ததும் சேமியுங்கள். பென்டிரைவிலும் ஒரு பிரதி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. மறக்காதீர்கள்.

கெலேபி


வவாவு
20 மே 2025

தம்பிக்கு,

முதலில் பச்சையைப் பற்றி. நல்ல தேர்வு. சனிக்கிழமை ஒரு பக்கத்தைத் தின்றது. அந்தப் பக்கம் இல்லாததே நல்லது என்று பிறகு தெரிந்தது. வெளிச்சம் அதிகமாக இருந்தால் திரை தெரியவில்லை என்பதால் பீடத்தை ஜன்னலுக்கு முதுகு காட்டும்படி திருப்பி வைக்கச் சொன்னேன். வைனிகோலோ முணுமுணுத்துக்கொண்டே திருப்பினான்.

உன் கடிதம் வெள்ளியன்று கிடைத்தது, அதனால் அந்த அதிகாரத்தையே எடுத்தேன். ஒரு வரி தவறாமல் வாசித்தேன். மெதுவாக வாசித்தேன். அதிகாரம் முழுவதையும் வாசித்தேன். பிறகு, "ஆறு வருஷத்துக்கு முன்னால இதே இடத்துல நின்னு இந்த வசனத்த எடுத்தேன். அன்னைக்கு நான் வாசிக்கல. கல்லு மாதிரி எறிஞ்சேன். யார் மேல படும்னு தெரிஞ்சேதான் எறிஞ்சேன், அது வேற ஒருத்தர் மேலயும் பட்டுச்சு" என்றேன். இரண்டு வாசிப்பையும் சொன்னேன். எது சரி என்று எனக்குத் தெரியாது, இரண்டிலும் எனக்குக் கல்லெறிய இடம் இல்லை என்பது மட்டும் தெரிகிறது என்று சொல்லி முடித்தேன். பன்னிரண்டு நிமிடம். நம் ஆலயத்தில் இவ்வளவு சின்னப் பிரசங்கம் யாரும் கேட்டதில்லை. உன் பெயரைச் சொல்லவில்லை.

உட்காரப் போனேன். அப்போதுதான் பின்னால் பெஞ்சு நகரும் சத்தம். யாரோ நடுவழியில் நடந்து வருகிறார்கள். தடி ஊன்றி வருகிற சத்தத்தில்தான் அதெலைத்தே என்று தெரிந்தது. அவள் வந்ததே எனக்குத் தெரியாது. வைனிகோலோவிடம் உன் கடிதத்தை நீட்டி வாசிக்கச் சொன்னாள்.

அவன் பிரித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது உங்களுக்கு வந்த கடிதம். தனியா வச்சுக்குங்க" என்றான்.

"எம் பொண்ணப் பத்தி இந்த ஊரு தனியாவா பேசிச்சு? சத்தமா வாசி."

வாசித்தான். இரண்டு பக்கமும். பூட்டு வரும் இடத்தில் அவன் குரல் தடுமாறியது. அவனுக்குக் கண் நன்றாகத்தான் தெரியும். முடிந்ததும் அவள் கடிதத்தை வாங்கி நான்காக மடித்து வைத்துக்கொண்டு, திரும்பிப் பின்வரிசைக்குப் போகாமல் அங்கேயே, முன்னால், பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். பாட்டை ஆரம்பித்ததும் அவள்தான்.

உன்னைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்று மறைக்க மாட்டேன். நல்லதாக எதுவும் இல்லை. அது கொஞ்ச காலம் இருக்கும். இப்போது அதை நீ சுமக்கலாம். உண்மையான அளவுதான், கூடுதல் இல்லை.

வைனிகோலோ நேற்று பட்டியலோடு வந்தான். "ஆகஸ்ட்ல எந்த ஞாயிறு வேணும்கா?" என்றான். கடைசி ஞாயிறு என்றேன். வேறு எதுவும் பேசாமல் எழுதிக்கொண்டு போனான்.

இன்று காலை அதெலைத்தே அடுப்பில் சுட்ட சேனையும் இறைச்சியும் இலையில் கட்டி எடுத்துவந்து கொடுத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். டிசம்பரில் நீ ஊருக்கு வரலாமா என்று நான்தான் கேட்டேன், நீ கேட்கச் சொல்லவில்லை.

"வரட்டும். உன் வீட்டுக்குப் போறதுக்கு முன்னால என் வீட்டுக்கு வரணும். வேலிக்கு வெளிய நின்னு பேசட்டும். உள்ள கூப்பிடறதா வேண்டாமான்னு அவன் பேசறதக் கேட்டுட்டு சொல்றேன்" என்றாள்.

டிக்கெட் எடு.

அக்கா தலாஹிவா